ஊதா நாக்குக் கண்டக்டர்

அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால், இனிஷியலை விட்டுவிட்டேன் என்றோ, கேட்காமல் போட்டுவிட்டேன் என்றோ எங்கிருந்தாவது ஒரு புகார் எழுதி அனுப்புவார். அதுவும் மூன்று காப்பி. எனக்கு எதற்கு வம்பு? எங்கள் புத்தூர் பஸ் ஸ்டாண்டில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. "ஊதா நாக்கு வந்துட்டாரா?" என்றுதான் கேட்பார்கள்.

நாக்கு ஊதாவானதற்குக் காரணம் காப்பியிங் பென்சில். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அது என்னவென்றே தெரியாது. ஈரம் பட்டால் மை மாதிரி எழுதும், ரப்பர் போட்டு அழிக்க முடியாது. மற்ற கண்டக்டர்கள் அதைக் காதில் செருகியிருப்பார்கள், டிக்கெட் போடும்போது மட்டும் எடுப்பார்கள். இவர் எந்நேரமும் அதை நாக்கில் தொட்டுத் தொட்டு ஏதாவது எழுதிக்கொண்டே இருப்பார். சிரித்தாரென்றால் ஒரு கூடை நாவல்பழத்தைத் தின்று தீர்த்த ஆள் மாதிரி இருக்கும்.

நான் அப்போது ஒரு தனியார் பஸ் கம்பெனியில் புக்கிங் கிளார்க். நாராயணவனத்தில் கிளம்பி, புத்தூர் வழியாகத் திருப்பதிக்குப் போகும் வண்டிக்கு டிக்கெட் கொடுப்பதும், முதலாளியிடம் திட்டு வாங்குவதும் என் உத்தியோகம். அவர் அந்த வண்டியின் கண்டக்டர். நகரிப் பக்கத்து விவசாயக் குடும்பம். வீட்டில் தமிழ், ரோட்டில் தெலுங்கு, கோபம் வந்தால் இரண்டும்.

டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஓர் ஆணியில் சணல் கயிறு கட்டி நீளமாக ஒரு புத்தகம் தொங்கும். பயணிகள் குறை எழுதுகிற புகார்ப் புத்தகம். எல்லா வண்டியிலும் இருக்க வேண்டும் என்பது சட்டம். மற்ற வண்டிகளிலும் இருக்கத்தான் செய்தது. யாராவது கேட்டால் கண்டக்டர், "பென்சில் இல்லீங்களே" என்று கையை விரிப்பான். எங்கள் வண்டியில் நேர் எதிர். வருஷத்துக்கு ஒரு புத்தகம் நிரம்பும். அதில் முக்கால்வாசி எழுதியது கண்டக்டரே.

"ஏன்யா, இது பயணிங்க எழுதற புக்கு. நீ எதுக்கு எழுதற?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கண்டக்டர் எழுதக்கூடாதுன்னு எங்கனா போட்டுகீதா? காட்டு பாக்கலாம்" என்றார். நானும் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அப்படி ஒன்றும் போட்டிருக்கவில்லை.

ஒவ்வொரு பக்கத்திலும் நாலு கட்டம். தேதி, குறை, கையெழுத்து, எடுத்த நடவடிக்கை. முதல் மூன்றும் ஊதாவில் நிரம்பி வழியும். ஜன்னல் படுதா கிழிந்திருக்கிறது, மூன்றாவது சீட்டில் ஆணி துருத்திக்கொண்டு வேட்டியைக் கிழிக்கிறது, ஹாரன் அழுத்தினால் ஆட்டுக்குட்டி மாதிரி கத்துகிறது என்று சகலமும் இருக்கும். நாலாவது கட்டத்தை முதலாளி நிரப்ப வேண்டும். அவர் அதை ஒருநாளும் நிரப்பியதில்லை. கம்பெனி தொடங்கியதிலிருந்து அந்தக் கட்டம் வெள்ளை வெளேரென்று கிடந்தது.

"யாரும் படிக்காததுக்கு எதுக்கய்யா மெனக்கெடற?" என்று டிரைவர் கேட்பார். டிரைவர் அதிகம் பேசாத மனிதர். இவரைவிடப் பத்து வயது மூத்தவர்.

"வாயால சொன்னா காத்துல பூடும் அண்ணா. எழுதி வெச்சாத்தான் அது நடந்த சங்கதி" என்பார் இவர்.

ஊரார் மேல் மட்டும் புகார் எழுதுகிற ஆள் என்றால் நான் இவரைப் பற்றி இவ்வளவு பேச மாட்டேன். அப்படிப்பட்டவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். இவர் தன்மேலேயே எழுதுவார். ஒருதரம் ஒரு பெரியவர் வண்டியில் தூங்கிவிட்டார். வடமாலைப்பேட்டையில் எழுப்பி இறக்கிவிடுகிறேன் என்று சொன்ன இவர் மறந்துபோய் அவரைத் திருப்பதிவரை கொண்டுபோய்விட்டார். பெரியவர் கோபப்படவே இல்லை. "பரவால்ல நைனா, பெருமாள் கூப்ட்டுகிறாரு, ஒரு சேவ பாத்துட்டுப் போறேன்" என்று கையைக் கூப்பிவிட்டு நடந்தார். இவர் விட்டால்தானே?

"இரு தாத்தா. புகார் எழுதிட்டுப் போ."

"யாரு மேல?"

"எம்மேலதான்."

"எனுக்கு எழுதத் தெரியாதேப்பா."

"நான் எழுதறேன். நீ ரேக வை" என்று, 'கண்டக்டரின் கவனக்குறைவால்' என்று ஆரம்பித்து அரைப் பக்கம் எழுதி, பென்சிலை நனைத்துப் பெரியவரின் கட்டைவிரலில் தேய்த்து ரேகையும் வாங்கிக்கொண்டுதான் விட்டார். பெரியவர் ஊதா விரலோடு சாமி பார்க்கப் போனார்.

வீட்டிலும் இதே கூத்து. காலண்டர் தாளின் பின்பக்கம் நாலு கட்டம் போட்டு, 'குழம்பில் உப்பு இல்லை' என்று எழுதி அடுப்பங்கரையில் மாட்டுவாராம். அவர் மனைவி படித்தவள். நடவடிக்கைக் கட்டத்தில், 'நாளையிலிருந்து நீயே ஆக்கித் துன்னு' என்று எழுதிவிட்டாள். அதைக் கொண்டுவந்து ஸ்டாண்டில் எல்லோருக்கும் காட்டினார். "பாரு, எங்க வூட்ல நடவடிக்கை எடுக்கறாங்க. கம்பெனிலதான் இல்ல" என்று அவ்வளவு பெருமை.

இந்த ஆளுக்குத்தான் வேலை போயிற்று. போனதற்குக் காரணம் கை பிரேக். வேலை போன அன்று நான் செய்த காரியத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு முகம் சுண்டிப்போகிறது. அதையும் சொல்லத்தான் போகிறேன்.

புத்தூருக்கும் திருப்பதிக்கும் நடுவே ஒரு மேடு உண்டு. வண்டி அதில் முக்கி முனகி ஏறுவதற்குள் ரேடியேட்டர் கொதித்துவிடும். பாதி மேட்டில் ஒரு கிணறு இருந்ததால் அங்கேதான் நிறுத்தித் தண்ணீர் ஊற்ற வேண்டும். டிரைவர் இறங்கினால் காலால் மிதிக்கிற பிரேக்கை யார் மிதிப்பது? கை பிரேக் பிடிக்க வேண்டும். எங்கள் வண்டியின் கை பிரேக்கோ சும்மா அழகுக்கு இருந்தது. அதனால் வண்டி நிற்கும்போதே கண்டக்டர் குதித்து ஓடிப்போய்ப் பின்சக்கரத்துக்கு அடியில் ஒரு கல்லை முட்டுக் கொடுப்பார். அது பளபளவென்று கறுப்பாக, ஒரு பூசணிக்காய் அளவுக்கு இருக்கும். ரோட்டோரத்தில் அதற்கென்று ஓர் இடம். குனிந்து இரண்டு கையாலும் தூக்கி, முட்டுக் கொடுத்து, "அப்பா, நீதான் காப்பாத்தணும்" என்று சொல்லிவிட்டு நிமிர்வார். தண்ணீர் ஊற்றியதும் கல் மறுபடி தன் இடத்துக்குப் போய்விடும்.

இந்தக் கை பிரேக்கைப் பற்றி அவர் புத்தகத்தில் எழுதாத மாதம் இல்லை. முதலாளி அசையவில்லை என்றதும் சர்க்காருக்கே எழுதிப் போட்டார். அப்போது நாங்கள் சென்னை ராஜ்யம். கடிதம் சென்னைக்குப் போய்ச் சேருவதற்குள் ஆந்திரா தனி மாநிலமாகிவிட்டது. 'உங்கள் ஜில்லா இப்போது எங்களுடையது அல்ல' என்று திரும்பி வந்தது. கர்னூலுக்குப் போட்டார். அங்கே அது ஃபைலில் ஏறுவதற்குள் தலைநகரம் ஐதராபாத்துக்குப் போய்விட்டது. கடிதமும் மூட்டை முடிச்சோடு ஐதராபாத் போனதாக ஒரு கார்டு வந்தது. அந்தக் கார்டை என்னிடம் காட்டி, "என் லெட்டரு பாத்த ஊரை நான் பாக்கல" என்று சிரித்தார்.

அது எல்லைச் சண்டைக் காலம் வேறு. திருத்தணி எந்தப் பக்கம், நகரி எந்தப் பக்கம் என்று தினம் ஒரு கூட்டம், தினம் ஒரு கோஷம். வண்டியின் ஊர்ப் பலகையில் தமிழில் இருந்ததை ஒரு கூட்டம் தாரால் அழித்தது. தெலுங்கில் இருந்ததை வேறொரு கூட்டம் அழித்தது. மிச்சம் ஒரு கறுப்புப் பலகை. இவர் படியில் தொங்கிக்கொண்டு இரண்டு பாஷையிலும் ஊர் பெயரைக் கத்திக்கொண்டே போனார். அன்றைய புகார், 'இந்த வண்டி எந்த ஊருக்கும் போகவில்லை என்று பலகை சொல்கிறது.'

கல்லுக்கு வருகிறேன். திருப்பதிக்குப் போகிற யாத்திரைக்காரர்களில் தூர தேசத்து ஜனங்கள் அதிகம். அவர்கள் கண்ணுக்கு என்ன தெரிந்தது? மேட்டில் வண்டி நிற்கிறது. கண்டக்டர் விழுந்தடித்து ஓடுகிறார். ஒரு கல்லின் முன் குனிகிறார். "அப்பா, நீதான் காப்பாத்தணும்" என்கிறார். சரிதான், இங்கே ஒரு சாமி இருக்கிறது, அதைக் கும்பிடாமல் வண்டி போகாதுபோல என்று நினைத்துவிட்டார்கள். ஒருநாள் கல்லின்மேல் குங்குமம் இருந்தது. மறுவாரம் பட்டையாக நாமம். அப்புறம் தேங்காய், கற்பூரம். பக்கத்துக் குடிசைக்காரர்கள் 'மிட்ட சாமி' என்று பெயரே வைத்துவிட்டார்கள். மிட்ட என்றால் தெலுங்கில் மேடு.

இவர் ஒவ்வொருவரிடமும் சொல்லிப் பார்த்தார். "அம்மா, இது சாமி இல்ல. கை பிரேக்கு."

"அப்டியெல்லாம் சொல்லக்கூடாது நைனா. கன்னத்துல போட்டுக்கோ" என்று ஒரு சேலத்து அம்மாள் அவருக்கே விபூதி பூசிவிட்டாள்.

கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை அவர் கல்லைத் தூக்கப் போனபோது குடிசைப் பெண்கள் மறித்துக்கொண்டார்கள். சாமியைச் சக்கரத்துக்குக் கீழே வைப்பதாவது? டிரைவர் பாவம், ஒரு காலை பிரேக்கில் வைத்துக்கொண்டு தலையை வெளியே நீட்டி, "சீக்கிரமப்பா, கால் மரத்துப் போகுது" என்று கெஞ்சினார். அன்றைக்கு வேறொரு கல்லைத் தேடிப்பிடித்து ஒப்பேற்றினார்கள்.

அன்று அவர் எழுதிய புகார் எனக்கு மனப்பாடம். 'கை பிரேக் இல்லாததால் முட்டுக் கொடுத்துவந்த கல், பொதுமக்களால் சாமியாக்கப்பட்டுவிட்டது. இனி அதைச் சக்கரத்தில் வைக்க இயலாது. கம்பெனி உடனே பிரேக் போட்டுத் தரவும். அல்லது வேறு கல் வழங்கவும். புதிய கல்லும் சாமியாகாது என்பதற்கு நான் பொறுப்பல்ல.'

இந்த ஒன்றை மட்டும் எப்படியோ முதலாளி படித்துவிட்டார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஆபீசுக்குக் கூப்பிட்டு விட்டார். நான் ஒரு பக்கம், டிரைவர் ஒரு பக்கம், நடுவில் இவர்.

"ஏமய்யா, கம்பெனிலோ பனி சேஸ்துன்னாவா, கம்பெனி மீத கேஸ் ராஸ்துன்னாவா?" வேலை செய்கிறாயா, இல்லை எங்கள்மேல் வழக்கு எழுதுகிறாயா என்று கேட்டுவிட்டு, முதலாளி தமிழுக்கு மாறினார். "பிரேக் இல்லன்னு எவன் சொன்னான்? டிரைவர், நீ சொல்லு."

டிரைவர் தன் செருப்பைப் பார்த்தார். "ஏதோ ஓடுதுங்க முதலாளி" என்றார்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு. பிரேக் இல்லன்னு உனுக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாதா? வாரத்துக்கு இரண்டு நாள் டிக்கெட் கட்டு வாங்க நான் அதே வண்டியில்தான் திருப்பதி போவேன். அந்தக் கல்லை நானே நாலைந்து தடவை தூக்கி வைத்திருக்கிறேன். ஆனால் வீட்டில் நாலு பிள்ளைகள். வேறு எங்கே போவது? சொல்லிவிட்டேன். "நான் கவுண்டர்ல உக்காந்துகினு கீறவன் முதலாளி. எனுக்கு இன்னா தெரியும்?"

அவர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் பிழைத்திருப்பேன். சிரித்தார், அந்த ஊதா நாக்கோடு. "அவர விடுங்க முதலாளி. நாலு புள்ளைங்க. நீங்க என்ன முடிவோ அத எழுத்துல குடுங்க" என்றார். அவருக்கும் இரண்டு பெண் குழந்தைகள் இருந்தன. அதை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

வேலைநீக்கக் கடிதத்தை என்னையே எழுத வைத்தார் முதலாளி. இவர் அதை வாங்கிப் படித்து, "தேதி போடல பாரு" என்று திருப்பிக் கொடுத்தார். போட்டுக் கொடுத்தேன். அப்புறம் புகார்ப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, நின்றபடியே ஏதோ நாலு வரி எழுதி, மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். முதலாளி அதைத் தொடக்கூட இல்லை. "இந்தச் சனியன எடுத்துகினு போய் அடுப்புல போடு. வண்டிக்குப் புது புக்கு நானே வெச்சுக்கறேன்" என்றார்.

அடுப்பில் போட வீட்டுக்குக் கொண்டுபோனேன். போடுவதற்கு முன் கடைசிப் பக்கத்தைப் பிரித்தேன். முதலாளியைத் திட்டியிருப்பார், என்னையும் நாலு வார்த்தை கேட்டிருப்பார் என்று நினைத்தேன். இப்படி இருந்தது:

'இன்று விசாரணையில் புக்கிங் கிளார்க் பொய் சொல்லும்படி ஆயிற்று. அவர் பொய் சொல்கிற ஆள் அல்ல. என் பொருட்டு அவருக்கு இந்தக் கஷ்டம் வந்தது. குறை என்மேல். இப்படிக்கு, கண்டக்டர்.'

அடப்பாவி மனுஷா! தூக்கி எறிந்த அன்றைக்கும் உன்மேலேயே எழுதிக்கொண்டு போனாயா? அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. நான் உட்கார்ந்துகொண்டு அழுதேன். புகை என்று மனைவியிடம் சொன்னேன். புத்தகம் அடுப்புக்குப் போகவில்லை, அரிசிப் பானைக்குப் பின்னால் போயிற்று.

அவர் வேலை தேடுவதற்கு முன்னால் வேலையே அவரைத் தேடி வந்தது. மேட்டுக் குடிசைக்காரர்கள் வீட்டுக்கே வந்து, மிட்ட சாமிக்கு நீங்கள்தான் பூசாரியாக இருக்க வேண்டும், முதலில் கண்டது நீங்கள்தானே என்றார்களாம். தட்டில் விழுவதெல்லாம் அவருக்கே. இரண்டு வாரமாக அடுப்பு சரியாக எரியாத வீடு. ஒத்துக்கொண்டிருந்தால் அன்றைக்கே பிழைப்பு ஆயிற்று.

"அது கை பிரேக்குன்னு உங்களுக்கு எத்தினி வாட்டி சொல்றது?" என்று அனுப்பிவிட்டார்.

அப்புறம் திருப்பதியில் ஒரு சத்திரத்தில், யாத்திரைக்காரர்களுக்கு ரூம் சாவி கொடுக்கும் வேலை கிடைத்தது. வாரம் ஒருமுறை வீட்டுக்கு வந்து திங்கட்கிழமை காலை என் கவுண்டரில் வந்து நிற்பார். வெளுத்த வேட்டி, காதில் அதே பென்சில்.

"திருப்பதிக்கு ஒண்ணு."

நான் தலை நிமிராமல் டிக்கெட் கிழிப்பேன்.

"இப்ப நான் பயணி. புகார்ப் புத்தகம் குடுங்க."

"அது முதலாளிகிட்ட கீது" என்பேன். வண்டியில் கேட்டால் புதுக் கண்டக்டரும் அதையே சொல்வான். அவர் சண்டை போட மாட்டார். பயணம் முடிந்ததும் டிக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு, அடுத்த திங்கட்கிழமை என்னிடம் நீட்டுவார். "வெச்சுக்கோங்க. புக்கு வந்ததும் ஒட்டிடுங்க." ஒவ்வொன்றிலும் ஒரே புகார், கை பிரேக். ஒருதரம் மட்டும் வேறொன்று இருந்தது. 'புக்கிங் கிளார்க் இளைத்துவிட்டார். கவனிக்கவும்.'

டிக்கெட்டுகளை ஒரு ஊக்கில் கோத்து வைத்தேன். மாசக்கணக்கில் அது கனத்துக்கொண்டே போயிற்று.

மேட்டில் நிலைமை என்ன தெரியுமா? அவர் எழுதி வைத்தபடியே ஆனது. புதுக் கண்டக்டர் கொண்டுவந்த கல்லும் சாமியாயிற்று. அதற்கடுத்ததும் ஆயிற்று. ஏழு கல் சேர்ந்ததும் குடிசைப் பெண்கள் வரிசையாக நட்டு, மஞ்சள் பூசி, கன்னிமார் வந்துவிட்டார்கள் என்று பொங்கல் வைத்துவிட்டார்கள். சுற்றுவட்டாரத்தில் முட்டுக் கொடுக்கிற அளவில் கல்லே இல்லாமல் போயிற்று.

அந்தச் சமயத்தில்தான் பிரேக் இன்ஸ்பெக்டர் வந்தார். வண்டிகளைச் சோதிக்கிற சர்க்கார் அதிகாரியை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வது. கையில் ஒரு கடிதம். சென்னை, கர்னூல், ஐதராபாத் எல்லாம் சுற்றி, உடம்பெல்லாம் முத்திரை குத்திக்கொண்டு, கடைசியாகச் சித்தூருக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ஊதாவில் எழுதிய முகவரியைத் தூரத்திலேயே அடையாளம் கண்டுகொண்டேன்.

முதலாளி சோடா உடைத்துக் கொடுத்தார். "அந்தா அபத்தம் சார், எல்லாம் பொய்யி. பொய்க்காரன், அதான் வேலய விட்டுத் தூக்கிட்டோம். எங்க புகார் புக் சூடண்டி, பாருங்க" என்று புதுப் புத்தகத்தை நீட்டினார். ஒரு எழுத்து இல்லை. பளிங்கு மாதிரி இருந்தது.

இன்ஸ்பெக்டர் புரட்டிவிட்டு மூடினார். கிளம்பப் போகிறவர் எதற்கோ என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. வேற புத்தகம் எதாச்சும் உண்டா?"

முதலாளி என்னைப் பார்த்தார். அதே பார்வை, அதே மேஜை. நாலு பிள்ளைகளும் எனக்கு அப்படியேதான் இருந்தார்கள், ஒன்றும் குறைந்துவிடவில்லை. 'அவர் பொய் சொல்கிற ஆள் அல்ல' என்று ஒரு மனிதன் எழுத்தில் போட்டு, கையெழுத்தும் போட்டுவிட்டுப் போயிருக்கிறானே. அதை நான் பொய்யாக்குவதா?

"இருக்குதுங்க. வூட்ல கீது. அஞ்சு நிமிஷம்" என்றேன்.

ஓடினேன். அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து புத்தகத்தை எடுத்துவந்து, டிக்கெட் கோத்த ஊக்கையும் சேர்த்து மேஜையில் வைத்தேன். "அடுப்புல போடச் சொன்னீங்க முதலாளி. எனுக்கு மனசு வர்ல. பிரேக் இல்லங்க சார். நாலு வருஷமா இல்ல. நானே கல்லு வெச்சிருக்கேன்."

இன்ஸ்பெக்டர் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். எல்லோரும் வண்டியில் ஏறி மேட்டுக்குப் போனோம். பாதி மேட்டில் நிறுத்தி, கை பிரேக்கை இழுக்கச் சொல்லி, "இப்ப காலை எடுங்க" என்றார். டிரைவர் காலை எடுத்தார். வண்டி வீட்டுக்குப் போகிற மாடு மாதிரி நிதானமாகப் பின்னால் நகர்ந்தது. புதுக் கண்டக்டர் குதித்துக் கல்லுக்கு ஓடினான்.

"டேய், கன்னிமாரு மேல கைய வெக்காத!" என்று குடிசைகளிலிருந்து பத்துப் பெண்கள் ஓடிவந்தார்கள்.

"மிதிங்க, மிதிங்க!" என்று இன்ஸ்பெக்டர் அலறினார். டிரைவர் மிதித்தார். இறங்கி நின்று மூச்சு வாங்கிய இன்ஸ்பெக்டர், அந்த ஏழு கல்லையும் ஒருதரம் பார்த்து, சும்மா இருக்கட்டும் என்று அவரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிரேக் போடும்வரை வண்டி ஓடக்கூடாது, பழைய புகார்ப் புத்தகத்தை அதே ஆணியில் மறுபடி மாட்ட வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஒரு வாரத்தில் பிரேக் வந்தது. வண்டி கிளம்ப வேண்டிய காலையில், அதிகம் பேசாத எங்கள் டிரைவர் ஸ்டீரிங்கில் உட்காராமல் வெளியே நின்றார். "அவன் வந்தாத்தான் நான் வண்டில ஏறுவேன்" என்றார். நானும் கவுண்டரைத் திறக்கவில்லை. இறுக்கமாகக் கையைக் கட்டிக்கொண்டேன். ஸ்டாண்டில் திருப்பதி போகிற ஜனம் மூட்டையோடு காத்திருந்தது. முதலாளி இங்கும் அங்கும் நடந்தார். பிறகு என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து, "சத்திரத்துக்கு ஆள் அனுப்பச் சொல்லு" என்றார். அதற்கப்புறம் ஒரு மாதம் என்னிடம் சொல்லவேண்டியதையெல்லாம் சுவரிடமே சொன்னார்.

அவர் வரும் நாளுக்கு முந்தைய சாயங்காலம், ஆணியில் தொங்கிய அந்தப் புத்தகத்தை எடுத்தேன். அவருடைய கடைசிப் புகாருக்குக் கீழே நாலு வரிக்குத்தான் இடம் இருந்தது. பென்சிலை நாக்கில் தொட்டுத் தொட்டு எழுதினேன். 'விசாரணையன்று எனக்குத் தெரியாது என்று சொன்னேன். தெரியும். மேலே கண்டக்டர் தன்மேல் எழுதியிருக்கும் குறை அவருடையது அல்ல, என்னுடையது. புக்கிங் கிளார்க்.'

வீட்டுக்குப் போனதும் மனைவி என் வாயைப் பார்த்து, "இன்னாயா, நாக்கு ஊதாவா கீது? நாவப்பழம் துன்னியா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். எங்களுக்கு இல்லையா என்று பிள்ளைகள் சண்டைக்கு வந்துவிட்டார்கள்.

மறுநாள் காலை அவர் காக்கிச் சட்டையில் வந்தார். வந்த கையோடு புத்தகத்தைத்தான் எடுத்தார். நான் எழுதியதைப் படித்தார். இரண்டு தரம் படித்தார். பென்சிலைக் காதிலிருந்து எடுத்து, நாக்கில் தொட்டு என்னவோ எழுதி, புத்தகத்தைக் கம்பி வழியாக என்னிடம் நீட்டினார்.

அத்தனை வருஷமும் வெள்ளையாகக் கிடந்த அந்த நாலாவது கட்டத்தில், எடுத்த நடவடிக்கை என்று போட்ட இடத்தில், ஊதாவில் எழுதியிருந்தது: 'கண்டக்டருக்கு ஒரு டீ வாங்கித் தர உத்தரவு.'

நான் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். அவர் கம்பியைத் தட்டினார்.

"அப்பால அழலாம். வண்டிக்கு நேரமாச்சு, வா. ஒரு சங்கதி, உன் புகார்ல தேதி போடல."